பள்ளிக்கூடமும் சமுதாயக் கூடமும்: சாவி யார் கையில்?

கேள்வியின் சுருக்கம் இது: “எங்கள் ஊரில் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 17 பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. சமுதாயக் கூடமோ கட்டிய நாளிலிருந்து பாதி நாள் பூட்டித்தான் கிடக்கிறது. இந்த இரண்டும் இல்லாமல் போனால் ஊருக்கு உண்மையில் என்ன நட்டம்? வைத்துக்கொள்வதென்றால் எப்படி நடத்துவது?”

நட்டம் உடனே தெரியாது. தேர்தல் வரும்போது தெரியும், புயல் வரும்போது தெரியும், கிராம சபைக்கு இடம் தேடும்போது தெரியும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பொது இடத்துக்குப் பஞ்சமில்லை என்றுதான் தோன்றும். கோயில் வாசல், மந்தை, சாவடித் திண்ணை, டீக்கடை பெஞ்சு எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொல்லாத ஒரு உரிமைக்காரர் இருக்கிறார். டீக்கடை பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்து பேசுவதில்லை. சாவடித் திண்ணை ஒரு தெருவுக்குச் சொந்தம். கோயில் மண்டபத்தில் யார் எதுவரை வரலாம் என்பதில் பல ஊர்களில் இன்னும் தகராறு. எல்லாத் தெருவிலிருந்தும் பிள்ளைகள் போய், எல்லா வீட்டுப் பெண்களும் கூச்சமில்லாமல் நுழையும் கட்டடம் ஊரில் ஒன்றுதான், அது பள்ளிக்கூடம்.

அரசு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. வாக்குச்சாவடியைக் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் வழிபாட்டு இடத்திலும் வைக்கக் கூடாது. கூடிய மட்டும் பள்ளி போன்ற அரசுக் கட்டடத்தில், தரைத் தளத்தில், சாய்வுப் பாதையோடு இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. கிராம சபையை மதச் சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை வருகிறது. இந்த விதிகளை வைத்துப் பார்த்தால் ஊரில் மிஞ்சுவது பள்ளியும் சமுதாயக் கூடமும்தான். பள்ளியை மூடினால் வாக்குச்சாவடி பக்கத்து ஊருக்குப் போகும். நடக்க முடியாத கிழவி வாக்குப் போடாமல் இருந்துவிடுவார். இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஊரே பள்ளியைத் தாங்கியது பழைய கதை. 1956-ல் காமராசர் ஆட்சியில் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது செலவில் ஒரு பங்கு ஊராருடையது. 1958-ல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய இயக்கம் அது. மணி, கடிகாரம், பெஞ்சு, நிலப்படம், சில ஊர்களில் நிலம், கட்டடம் என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றைக்குப் பல மாவட்டங்களில் நடக்கும் கல்விச் சீர் அதன் வாரிசு. தாய்மாமன் சீர் மாதிரியே தட்டு வரிசை, மேளதாளம், ஊர்வலம் எல்லாம் உண்டு. தட்டில் நோட்டும் சிலேட்டும், பின்னால் வண்டியில் பீரோவும் நாற்காலியும் தண்ணீர் டிரம்மும் வரும்.

கல்விச் சீர் நடத்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே தலைமையாசிரியரிடம் தேவைப் பட்டியல் வாங்கி, யார் எதைத் தருகிறார்கள் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பள்ளிக்குச் சுவர்க் கடிகாரம் ஏழு வரும், குப்பைக்கூடை ஒன்றுகூட வராது. மின்விசிறி தருவதானால் கொக்கியும் வயரிங்கும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டி பிரிக்காத விசிறிகள் எத்தனையோ பள்ளி பீரோக்களில் தூங்குகின்றன. வந்த பொருள் ஒவ்வொன்றும் அன்றைக்கே பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறி, பெயிண்ட்டால் பள்ளிப் பெயர் எழுதப்பட வேண்டும். கொடுத்தவர் பெயரைவிடப் பள்ளிப் பெயர் பெரிதாக இருக்கட்டும். தலைமையாசிரியர் மாறும்போது பொருள் காணாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பதிவு இல்லாததுதான்.

அடுத்து, பள்ளி யாருடையது என்ற சிக்கல். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவர், அவருக்கு மேல் வட்டாரக் கல்வி அலுவலர். தண்ணீரும் கழிப்பறைத் தூய்மையும் ஊராட்சியின் தலையில். சத்துணவுக்கு இன்னொரு வரிசை அதிகாரிகள். கழிப்பறைக் கதவு உடைந்தால் நாலு பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவது இதனால்தான். யாரும் சோம்பேறி என்று அர்த்தமில்லை. மனு எழுதும்போது எந்தப் பழுது எந்த அலுவலகத்துக்கு என்று பிரித்து எழுதினால் பாதி வேலை முடிந்தது. கூரை ஒழுகல், சுற்றுச்சுவர், தரை என்றால் ஒன்றியப் பொறியாளருக்குப் போகும் விதமாக. மோட்டார், குழாய், துப்புரவு என்றால் ஊராட்சிக்கு. ஆசிரியர் பணியிடம் என்றால் கல்வித் துறைக்கு.

மனுவுக்குப் பலம் தருவது பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினரில் பாதி பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேரோடு சீரமைத்தார்கள். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். குழுவில் தீர்மானம் போட்டு, அதையே கிராம சபையிலும் வைத்து நிறைவேற்றினால் இரண்டு துறைகளும் பதில் சொல்ல வேண்டிய தாள் ஒன்று கையில் இருக்கும். குழுவில் கையெழுத்து வாங்க வீடு வீடாக நோட்டைக் கொடுத்தனுப்புவது பரவலான பழக்கம். அப்படி எழுதிய தீர்மானத்துக்கு ஆள் பலம் கிடையாது, அதிகாரியும் அதைப் பார்த்தவுடன் கண்டுகொள்வார்.

பள்ளி நேரத்துக்கு வெளியே பள்ளியை எதற்குக் கொடுக்கலாம்? மருத்துவ முகாம், தடுப்பூசி, சிறப்பு மனு முகாம், மகளிர் குழுக் கூட்டம், வாசிப்பு, மாலை நேர டியூஷன், மைதானத்தில் கபடியும் வாலிபாலும் என எல்லாம் சரி. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்கு மறுக்க முடியாது. மறுத்தால் அதற்குச் சாதிக் காரணம் சொல்லப்படும், சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். திங்கட்கிழமை காலை வகுப்பறையில் எச்சில் இலை வாடை அடிக்கும். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மகளிர் குழுப் பெண்கள் விடிகாலையிலேயே அடுப்படிக்கு வந்துவிடுகிறார்கள். முந்தின இரவு யாரோ பயன்படுத்திவிட்டுப் போட்டுப்போன சமையலறையில் அவர்களால் நேரத்துக்கு உப்புமா கிண்ட முடியாது.

மைதானத்தைத் திறந்து வைக்க வேண்டும், வகுப்பறையைப் பாதுகாக்கவும் வேண்டும் என்றால் வழி எளிது. மைதானத்துக்கு ரோட்டுப் பக்கம் தனிச் சிறு கேட், வகுப்பறை வராந்தாவுக்குக் கம்பிக் கதவு, கேட்டருகே ஒரு விளக்கு. விளக்கு இல்லாத மைதானத்தில் மறுநாள் பாட்டில் சில்லு கிடக்கும். ஆசிரியரைக் காவலாளாக்க வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு வேலைக்கு அவர்களை இழுக்கக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது.

இனி சமுதாயக் கூடம். பூட்டிக் கிடப்பதற்குப் பொதுவாக யாரும் வெளிப்படையாகச் சொல்லாத முதல் காரணம் இடம். ஊருக்குள் கட்டினால் காலனிக்காரர்கள் வரத் தயங்குவார்கள் அல்லது வரவிடமாட்டார்கள். காலனியில் கட்டினால் ஊர்க்காரர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கடைசியில் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு கூடம் எழும்பி, இரண்டும் அரைகுறையாகப் புழங்கும். 1998-ல் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவுச் சமத்துவபுரம் திறந்தபோது, 100 வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு என்று கலந்து கொடுத்து, கூடத்தைப் பொதுவில் வைத்ததன் நோக்கமே இந்தப் பிரிவை உடைப்பதுதான். பழைய ஊரில் வீடுகளை மாற்றி வைக்க முடியாது. கூடத்தை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ரோட்டில், பள்ளி, ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம் இருக்கும் பகுதியில் வைக்கலாம். ஏற்கெனவே பல தெருக்காரர்கள் அன்றாடம் வந்துபோகும் வழி அது. கூடத்தைச் சாதி சொல்லி மறுப்பது 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை வாடகை விதிகளுக்குக் கீழேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது. வாய்த் தகராறு அங்கேயே நிற்கும்.

இடத்தில் இன்னொரு கண்ணி புறம்போக்கு. ஏரி உள்வாய், குளக்கரை, வாய்க்கால் புறம்போக்கில் கூடம் கட்டிவிட்டு, பிறகு ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வாங்கிய ஊர்கள் உண்டு. ஏரிகளைப் பாதுகாக்க 2007-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. யாராவது இடம் தானம் தருகிறேன் என்றால் வாய்ச்சொல்லை நம்பாமல் ஊராட்சியின் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்து, பட்டாவும் மாற்றிய பிறகே அடிக்கல் நாட்ட வேண்டும். தாத்தா கொடுத்த இடத்தைப் பேரன் திருப்பிக் கேட்பது பள்ளிக்கூடங்களுக்கும் நடந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் அளவு. வழக்கமாகக் கட்டும் கூடத்தில் 40 அடிக்கு 25 அடி, அதாவது 1,000 சதுர அடி ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் ஜமுக்காளம் விரித்து நெருக்கி உட்கார்ந்தால் ஆளுக்கு 6 சதுர அடி. மேடைக்கும் நடைக்கும் போக 150 பேர். நாற்காலி போட்டால் 100, 110. கிராம சபைக்கான குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு, மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். 4,000 பேர் உள்ள ஊராட்சி இந்தக் கூடத்தில் கிராம சபை நடத்தினால், சட்டப்படி தேவையான கூட்டம் உள்ளேயே கொள்ளாது! அதனால்தான் சபை பள்ளி மைதானத்து வேப்பமரத்தடிக்குப் போகிறது, மழை வந்தால் கையெழுத்தோடு கலைகிறது. சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் கடைசி இரண்டு நாளும் மழைக் காலத்தில் விழுவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கும் இதே மாதிரிதான் இடிக்கும். பந்தியில் ஆளுக்கு 2 அடி அகலம். மேசை ஒன்றரை அடி, உட்கார 2 அடி, இரண்டு வரிசைக்கு நடுவே பரிமாற 3 அடி. 40 அடி நீளத்தில் இரு முனையும் விட்டு வரிசைக்கு 18 பேர். 25 அடி அகலத்தில் நாலு வரிசைதான் அமையும். ஒரு பந்திக்கு 72 பேர். இலை எடுத்துத் துடைத்து அடுத்த பந்தி உட்கார 35 நிமிடம் என்றாலும், 400 பேருக்கு ஆறு பந்தி, மூன்றரை மணி நேரம். அதுவும் தாலி கட்டும் அதே ஹாலில் சாப்பாடும் என்றால் முதல் பந்தியே 9 மணிக்கு மேல்தான். பணம் உள்ளவர் டவுன் மண்டபத்துக்குப் போவதற்குக் கௌரவம் ஒரு காரணம்தான், இந்த மூன்றரை மணி நேரமும் ஒரு காரணம். ஹாலைப் பெரிதாக்க நிதி இல்லாவிட்டால், பக்கவாட்டில் 15 அடி அகலத்துக்குத் தகரக் கூரை போட்ட திறந்த தாழ்வாரம் இறக்குங்கள். சாப்பாடு அங்கே போய்விடும், கிராம சபைக்கும் ஆள் கொள்ளும்.

அடுப்படியைக் கூடத்தின் ஓர் அறையாகக் கட்டுவது கெட்ட பழக்கம். புகையும் சூடும் மணமேடைக்கு வரும். பத்தடி தள்ளி, புகையைக் காற்று கூடத்துக்குள் தள்ளாத பக்கம் தனியாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து போகும் சாக்கடைதான் முதலில் அடைக்கும். காரணம் சோற்றுப் பருக்கையும் வடித்த கஞ்சியும். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் எடுத்துக் கழுவக்கூடிய கம்பி வலையும், அதையடுத்து 2 அடிக்கு 2 அடி தொட்டி ஒன்றும் வைத்தால் பருக்கை அங்கேயே தங்கும். விசேஷம் முடிந்ததும் அள்ளிவிடலாம். தண்ணீர் 400 பேருக்குச் சமையல், கை கழுவல், பாத்திரம், கழிப்பறை எல்லாம் சேர்த்து 5,000 லிட்டராவது வேண்டும். மாடியில் இருப்பதோ 1,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று. இரண்டாம் பந்தியில் குழாய் காற்று விடும். கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால் இருட்டில், கருவேலம் புதர் ஓரமாக இருந்தால் பெண்கள் போக மாட்டார்கள். வாசலிலிருந்து பார்வைக்குத் தெரியும் பக்கவாட்டில் கட்டி, தனி விளக்குப் போடுங்கள்.

எதிரொலி பற்றி யாரும் கட்டும்போது யோசிப்பதில்லை. கான்கிரீட் தளம், பூச்சுச் சுவர், சிமெண்ட் தரை மூன்றும் சத்தத்தை உறிஞ்சாமல் திருப்பி அடிக்கின்றன. வரவு செலவு வாசிக்கும் ஊராட்சிச் செயலரின் குரல் இரட்டையாகக் கேட்டு, ஒரு தொகையும் புரியாது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, இரண்டு பெட்டி ஸ்பீக்கரை ஆள் உயரத்தில் கூட்டத்தை நோக்கி வைத்துச் சத்தத்தைக் குறையுங்கள். பின்சுவரில் கனத்த திரை அல்லது ஜமுக்காளம் தொங்கவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். செலவில்லாமல் நல்ல வித்தியாசம் தெரியும்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். சமையல் தீயும் கீற்றுக் கூரையும் குறுகலான வழியும் ஓரிடத்தில் சேர்ந்த கொடுமை அது. கூடத்தின் வாசலை ஒட்டித் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, அதன் ஓரத்தில் அடுப்பு வைப்பது இன்றும் நடக்கிறது. இருக்கும் ஒரே வாசலையும் நாமே தீக்குள் தள்ளுகிறோம். எதிரெதிராக இரண்டு வாசல், கதவு வெளிப்பக்கம் திறப்பதாக, விசேஷ நேரத்தில் இரண்டாவது வாசலில் பாத்திர மூட்டை அடுக்காமல் இருக்க வேண்டும். மின்சாரம் மும்முனை இணைப்பாக இருக்கட்டும். கிரைண்டர், மோட்டார், சீரியல் செட் எல்லாம் ஒற்றை முனையில் ஏறினால் ஒயர் சூடேறும். ஜெனரேட்டருக்கு மாற்று சுவிட்சு கட்டாயம். அது இல்லாமல் நேரடியாகச் சொருகினால் மின்சாரம் திரும்பக் கம்பத்துக்கு ஏறி, லைன் சரிசெய்ய ஏறியவரைக் கொல்லும்.

மூன்றாவது காரணம் சாவி. நான் பார்த்த அளவில் பூட்டிய கூடங்களில் பெரும்பாலானவை சாவித் தகராறால் பூட்டியவைதான். சாவி தலைவர் வீட்டில் இருந்தால் எதிர்க் கோஷ்டி கேட்க வராது. தேர்தல் முடிந்து தலைவர் மாறினால் சாவியே வராது. மூன்று சாவி போடுங்கள். ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று மேல்நிலைத் தொட்டி இயக்குபவரிடம், ஒன்று மகளிர் குழுக் கூட்டமைப்பிடம். தொட்டி இயக்குபவரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தினமும் விடிகாலையில் ஊரில் நடமாடும் ஒரே ஊழியர் அவர்தான், எந்தத் தெருக்காரரும் அவரிடம் பேசுவார்.

வாடகையை ஊராட்சித் தீர்மானம் போட்டு நிர்ணயித்து, ரசீது கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முன்பதிவுப் பேரேடு ஒன்று, முதலில் வந்தவருக்கே முதல் உரிமை. வாடகை தனி, மின்கட்டணம் தனி. சாவி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் மீட்டர் அளவை இருவர் கையெழுத்தோடு குறித்தால் சண்டை இல்லை. திருப்பித் தரும் முன்பணம் வாடகையைப் போல இரண்டு பங்கு இருந்தால்தான் கூடத்தைக் கழுவிக் கொடுப்பார்கள். அண்டா, குண்டா, இட்லிக் கொப்பரை, கரண்டி, ஜமுக்காளம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது மகளிர் குழுவிடம் இருக்கட்டும், வாடகையில் அவர்களுக்கு ஒரு பங்கும் இருக்கட்டும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் கட்டடம் வந்துவிடும். சுண்ணாம்பு அடிக்க அங்கிருந்து பணம் வராது. வாடகைப் பணம் ஊராட்சிக் கணக்கில் கரைந்துபோகாமல் பராமரிப்புக்கென்று பிரித்து எழுதாத கூடம், பத்து வருடத்தில் மொட்டை மாடியில் அரசஞ்செடி முளைத்து நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், மாடிக் குப்பையைக் கூட்டி, தண்ணீர் போகும் குழாயைக் குத்திவிட்டு, செடியை வேரோடு எடுத்தாலே போதும். நீர் தேங்கிக் கம்பி துருப்பிடித்துத்தான் தளம் உதிர்கிறது. ரோடு போடப் போட உயரும் என்பதால் பேஸ்மட்டம் ரோட்டிலிருந்து குறைந்தது 2 அடி மேலே இருப்பது நல்லது.

இரவு ஒலிபெருக்கிக்கு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை. பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கூடம் பள்ளிக்கு அருகில் என்றால் வேலை நாள் பகலில் ரேடியோ செட் கிடையாது என்று வாடகை ரசீதிலேயே அச்சடியுங்கள்.

புயல், வெள்ளம் வந்தால் இந்த இரண்டு கட்டடங்களும்தான் ஊர். 2004 சுனாமியிலும், 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்தபோதும் டெல்டா மக்கள் பள்ளிகளிலும் மண்டபங்களிலும்தான் கிடந்தார்கள். நிவாரண முகாமுக்குச் சர்வதேச அளவுகோல் ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர். நமது 1,000 சதுர அடிக் கூடம் 93 சதுர மீட்டர்; கணக்குப்படி 26 பேர்தான். நடைமுறையில் முதல் இரவு 100 பேர் படுப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. கழிப்பறையும் தண்ணீரும்தான் இரண்டாம் நாளே பிரச்சினையாகும். ஆகவே மழைக் காலத்துக்கு முன் சாவி பட்டியலை கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் இருப்பைப் பாருங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம், கலந்து அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். சத்துணவு அரிசியையும் பள்ளிப் பதிவேடுகளையும் தரையிலிருந்து 3 அடி மேலே ஏற்றி வைக்கவும். முகாமுக்குக் கூடத்தை முதலிலும் பள்ளியைக் கடைசியிலும் திறப்பதே சரி. பள்ளியில் முகாம் நீண்டால் பிள்ளைகளுக்குப் படிப்பு மட்டுமல்ல, சத்துணவும் நின்றுவிடும்.

எதிர்த் திசையில், பள்ளிக்கும் கூடம் உதவும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். புதுக் கட்டடம் வரும் வரை பல ஊர்களில் வகுப்பு நடந்தது சமுதாயக் கூடத்தில்தான். கூடம் இல்லாத ஊரில் மரத்தடி.

கடைசியாக உங்கள் 17 பிள்ளைகள். கல்வி உரிமை விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளி குடியிருப்பின் கடைசி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், நடுவே நெடுஞ்சாலையோ ஆறோ உண்டா என்பதை அளந்து தீர்மானத்தில் எழுதுங்கள். “பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள்” என்று எழுதுவதைவிட அது பலமாக நிற்கும். பிறகு அங்கன்வாடிப் பதிவேட்டில் ஐந்து வயதுக்குள் எத்தனை குழந்தைகள் என்று பாருங்கள். அங்கே 25 பேர் இருந்து பள்ளியில் 17 என்றால், பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், வேன் ஏறிப் போகிறார்கள். பெற்றோர் வேனுக்குப் போவதில் ஆங்கில வழி பாதிக் காரணம். வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவதும், மூன்றரை வயதிலேயே எல்கேஜி சேர்ப்பதும் மீதி. மூன்றரை வயதில் போன பிள்ளை ஐந்து வயதில் திரும்பி வராது. அதனால் அங்கன்வாடியைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவரக் கேளுங்கள். சேர்க்கை வேட்டை ஜூனில் அல்ல, மாசி, பங்குனியிலேயே முடிய வேண்டும். தனியார் பள்ளிகள் முன்பணம் வாங்குவது அப்போதுதான்.

அங்கன்வாடியிலும் ஆறேழு பேர்தான் என்றால் இணைப்பைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. அப்போது போராட வேண்டியது கட்டடத்துக்காக. 2019-ல் மாணவரே இல்லாத 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நூலகமாக்க அரசு முடிவெடுத்த முன்மாதிரி இருக்கிறது. பள்ளி மூடும் உத்தரவு வருவதற்கு முன்பே கிராம சபையில் ஒரே தீர்மானத்தில் நாலையும் எழுதுங்கள்: வாக்குச்சாவடி அதே கட்டடத்தில் தொடர வேண்டும், அங்கன்வாடி அங்கே மாற வேண்டும், மைதானம் விளையாட்டுத் திடலாக ஊராட்சிப் பதிவேட்டில் ஏற வேண்டும், கட்டடம் இடிக்கப்பட்டால் அந்த இடம் வேறு துறைக்கோ தனியாருக்கோ போகக் கூடாது. உத்தரவு வந்து சாவி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்விட்டால் இதே தீர்மானத்துக்கு இரண்டு வருடம் அலைய வேண்டியிருக்கும்.